டேஷ்போர்டுக்குள் வெந்துபோன மருந்து

இரண்டு வருடங்களுக்கு முன்பு, சீனப் பெருநாள் முடிந்த மறுவாரம் மலாக்காவில் நடந்தது இது. வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த நேரம். நான் வாடகைக் கார் ஓட்டுகிறவன். பதினெட்டு வருடமாக இதே பிழைப்புதான். மலாக்காவுக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்கள் எல்லாரும் கோட்டையையும் ஆற்றையும் பார்க்கத்தான் வருகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். என் காரில் ஏறுகிறவர்களில் பாதிப் பேர் நோயாளிகள். சுமத்ராவிலிருந்து படகில் வந்து, ஹோட்டலில் தங்கி, இங்குள்ள தனியார் மருத்துவமனைகளில் வைத்தியம் பார்த்துக்கொண்டு போவார்கள். காலையில் ஹோட்டலில் ஏற்றி மருத்துவமனையில் இறக்க வேண்டும், மாலையில் திரும்பக் கொண்டுவிட வேண்டும். அலைச்சல் குறைவு. என்னைப் போல உடம்பு ஓய்ந்துபோன டிரைவருக்கு ஏற்ற வேலை.

அந்த வாரம் எனக்குக் கிடைத்தவர்கள் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு கணவனும் மனைவியும். அந்த அம்மாவுக்கு முட்டி தேய்ந்துபோய், மாற்று முட்டி வைக்க வந்திருந்தார்கள். தஞ்சோங் கிளிங்கில் கடலைப் பார்த்த ஹோட்டலில் அறை. இரண்டு வாரத்துக்கு என் காரைப் பேசிக்கொண்டார்கள். அமெரிக்காக்காரர்கள் இவ்வளவு தூரம் பறந்து வந்து மலாக்காவில் முட்டி மாற்றுவார்களா என்று எனக்கு ஒரே ஆச்சரியம். பணக்காரர்கள், ஊர் சுற்றிப் பார்த்த மாதிரியும் ஆயிற்று, வைத்தியம் பார்த்த மாதிரியும் ஆயிற்று என்று வந்திருக்கிறார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

கணவருக்கு அறுபத்தேழு வயது. நல்ல உயரம், பெரிய உடம்பு. இடது கால் முட்டிக்குக் கீழே செயற்கைக் கால். அதை நீட்டி வைக்க வசதியாக எப்போதும் என் பக்கத்து முன் சீட்டில்தான் உட்காருவார். முதல் நாளே அவர் வேலையைப் பற்றி விசாரித்தேன். முப்பது வருடம் லோரி ஓட்டியவராம், அதுவும் சொந்த லோரி. அவ்வளவுதான், எங்களுக்குள் ஒட்டிக்கொண்டது. டயர் விலை, முதுகு வலி, நேரத்துக்குச் சாப்பிட முடியாத கொடுமை என்று பேச விஷயத்துக்குப் பஞ்சமே இல்லை. என் ஆங்கிலம் உடைந்த ஆங்கிலம். அவர் பொறுமையாக, சின்னச் சின்ன வார்த்தையாகப் போட்டுப் பேசுவார். நான் அவரை மிஸ்டர் என்பேன், அவர் என்னை டிரைவர் என்பார்.

இங்கே என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அப்போது எனக்கு ஐம்பத்தேழு வயது. இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய், வந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. அந்தக் கடைசி வருடத்தில் அசதி என்றால் அப்படி ஓர் அசதி. காலையில் எழுந்திருக்கும்போதே நாள் முழுக்க வேலை செய்து முடித்தவன்போல இருப்பேன். தாகம் தீராது. அரை மணிக்கு ஒரு தரம் எங்கே பெட்ரோல் நிலையம் இருக்கிறது என்று கண் தேடும். பாதம் இரண்டும் மரத்துப்போய், மெத்தை மேல் நடப்பதுபோல இருக்கும். காரணம் கேட்டால் வயசு என்பேன், சாலை நெரிசல் என்பேன். உண்மையைத் தவிர எல்லாவற்றையும் சொல்வேன்.

உண்மை இதுதான். நாங்கள் இருப்பது சிம்பாங் அம்பாட் பக்கம். அங்கே அரசாங்கக் கிளினிக்கில் மூன்று மாதத்துக்கு முன்பே டாக்டர் சொல்லிவிட்டார், மாத்திரை இனிப் போதாது, இன்சுலின் ஊசி போட்டே ஆக வேண்டும் என்று. சின்ன வயது மலாய்க்காரப் பெண் டாக்டர். என் மகளைவிட இளையவராக இருப்பார். எப்படி ஊசி போட வேண்டும் என்று நர்ஸ் அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தார். பேனா மாதிரி ஒரு கருவி, அதற்குள் போடும் மருந்துக் குப்பிகள், ஊசி முனைகள் எல்லாம் பையில் போட்டுத் தந்தார்கள். குளிர்பெட்டியில் வைக்க வேண்டும் என்று இரண்டு தரம் சொன்னார்கள். நானும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

வந்து என்ன செய்தேன் தெரியுமா? எல்லாவற்றையும் காரின் டேஷ்போர்டுக்குள் தள்ளி மூடிவிட்டேன். வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்தால் என் மனைவி பார்த்துவிடுவாள். "டாக்டர் என்னாங்க சொன்னாங்க?" என்று அவள் கேட்டதற்கு, சாப்பாட்டைக் குறைக்கச் சொன்னார்கள் என்று சொல்லியாயிற்று. அடுத்த மாதம் மருந்து எடுக்கும் நாள் வந்தது. போகாவிட்டால் கிளினிக்கிலிருந்து வீட்டுக்குப் போன் வரும். ஆகவே ஒழுங்காகப் போய் வரிசையில் நின்று, மருந்தை வாங்கி, அதையும் டேஷ்போர்டுக்குள் திணித்தேன். அதற்கடுத்த மாதமும் அப்படியே. வெயிலில் நிற்கும் காருக்குள் அந்த மருந்து என்ன கதியாகும் என்று ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

ஏன் இப்படி என்று கேட்பீர்கள். நம் ஆட்களிடம் ஒரு நம்பிக்கை வேரோடிக் கிடக்கிறது. ஊசி என்றால் கடைசிக் கட்டம். ஊசி போட ஆரம்பித்தவன் அடுத்து ஒரு காலை இழப்பான், அதற்கடுத்து ரத்தச் சுத்திகரிப்புக்குப் போவான், பிறகு படமாகிச் சுவரில் தொங்குவான். காலையில் நாங்கள் டிரைவர்கள் கூடும் சாப்பாட்டுக் கடையில் எல்லாருமே டாக்டர்கள்தான். என் கூட்டாளி ஒருவன் அடித்துச் சொல்வான்: "மச்சான், என் மாமா நல்லாத்தான் இருந்தாரு. ஊசியத் தொட்டாரு, ஆறே மாசத்துல கால எடுத்துட்டாங்க. ஊசி மட்டும் வேணாம்லா." மாமாவின் கால் ஏற்கெனவே அழுகிப்போன பிறகுதான் ஊசியே போட்டார்கள் என்பதை யாரும் சொல்ல மாட்டார்கள். நானும் காலையில் பாகற்காய் சாறு, இரவில் யாரோ விற்ற இலவங்கப்பட்டைப் பொடி என்று வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தேன். கடையில் குடிக்கும் தே தாரேக் டீயில் சீனி குறைக்கச் சொல்வதே பெரிய தியாகம் என்று நினைப்பு. கூடவே இரண்டு ரொட்டி சானாய் உள்ளே போகும்.

அதனால்தானோ என்னவோ, அரசாங்க மருத்துவமனை என்றாலே எனக்கு எரிச்சல். முன்பு நானும் மனைவியும் தனியார் மருத்துவமனைக்குப் போக இன்ஷூரன்ஸ் கார்டு வைத்திருந்தோம். மாதக் கட்டணம் ஏறிக்கொண்டே போனதால் அதை விட்டுவிட்டோம். அந்த வயிற்றெரிச்சல் வேறு. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, சிவப்பு விளக்கில் நின்றபோது அந்த அமெரிக்கரிடம் புலம்பித் தீர்த்தேன். எங்கள் அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி, அதாவது ஒரே ஒரு ரிங்கிட், கட்டினால் போதும், ஆனால் ஒரு வெள்ளிக்கு என்ன கிடைக்கும், அரை நாள் வேலை கெட்டதுதான் மிச்சம் என்றேன். உங்கள் ஊரில் எல்லாம் முதல் தரமாக இருக்கும் என்றும் சொல்லிவைத்தேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். மருந்துக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்டார். மருந்தும் அதற்குள்தான் என்றேன். வெளியே பார்க்க ஆரம்பித்தார்.

அந்த அம்மாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதற்கு மறுநாள் மதியம், அவர் மட்டும் ஹோட்டலுக்குப் போய்க் குளித்துவிட்டு வருகிறேன் என்று என்னோடு கிளம்பினார். வழியில் பிளாஸ்டிக் பையில் கட்டித் தருகிற ஐஸ் கோப்பி வாங்கிக் கொடுத்தேன். அதைக் குடிக்கப் பழகாதவர், பை நழுவிச் சட்டையெல்லாம் கோப்பி. டிஷ்யூ தேடி, நான் தடுப்பதற்குள் டேஷ்போர்டைத் திறந்துவிட்டார்.

பெட்டிகள் மடியில் சரிந்து விழுந்தன. அவர் சட்டையை மறந்துவிட்டார். ஒரு பெட்டியை எடுத்துப் பார்த்தார். பிறகு அதை உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பார்த்தார், காய்ச்சல் பார்ப்பதுபோல. அது சுட்டிருக்க வேண்டும். உன்னுடையதா என்று கேட்டார். பயணி யாரோ விட்டுவிட்டுப் போயிருக்கிறார் என்றேன். வாய் கூசாமல் வந்தது பொய். பெட்டியில் கிளினிக்காரர்கள் ஒட்டிய சீட்டில் என் முழுப் பெயர் இருந்தது. அவர் முகத்துக்கு நேராக, என் படத்தோடு நான் ஒட்டி வைத்திருந்த டிரைவர் அட்டையிலும் அதே பெயர்தான். சீட்டைப் படித்தார், அட்டையைப் படித்தார், பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் அடுக்கிக்கொண்டார். நான் ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

தஞ்சோங் கிளிங் கடற்கரைச் சாலையில், ஹோட்டலுக்குச் சற்று முன்பு, ஓரமாக நிறுத்தச் சொன்னார். சவுக்கு மரத்தடியில் ஒரு சிமெண்டு இருக்கை இருந்தது. பெட்டிகளைக் கையில் பிடித்துக்கொண்டே இறங்கி அதில் உட்கார்ந்தார். நானும் போய் உட்கார்ந்தேன். இனித் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் தன் கதையைச் சொன்னார்.

அவருக்கும் இனிப்பு நீர்தான். முதலாளியிடம் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவருக்கு அங்கே கம்பெனியே மருத்துவக் கார்டு வாங்கித் தருமாம். இவர் சொந்த லோரிக்காரர், தன் கார்டைத் தானே வாங்க வேண்டும். நோய் இருக்கிறது என்று தெரிந்ததும் எந்த இன்ஷூரன்ஸ் கம்பெனியும் சேர்த்துக்கொள்ளவில்லை. பல வருடம் கைக்காசு போட்டுத்தான் ஊசி வாங்கியிருக்கிறார். பிறகு புதுச் சட்டம் வந்தது, ஏற்கெனவே நோய் இருக்கிறது என்று சொல்லி யாரையும் தள்ளக் கூடாது என்று. கார்டு கைக்கு வந்த அன்று அவரும் மனைவியும் கேக் வாங்கி வெட்டினார்களாம். இனிப்பு நீர்க்காரன் கேக் வெட்டிக் கொண்டாடினேன் என்று சொல்லி அவரே சிரித்தார்.

கார்டோடு மாதக் கட்டணமும் வந்தது. அரசாங்கம் பலருக்கு அதில் பாதியைக் கொடுத்து உதவியதாம். இவர் வருமானம் அதற்கான வரம்பைக் கொஞ்சம் தாண்டியிருந்ததால் இவருக்கு அது இல்லை. அது மட்டுமா, வருடம் பிறந்ததும் ஒரு பெரிய தொகை வரைக்கும் அவரே செலவு செய்ய வேண்டும், அதற்குப் பிறகுதான் கார்டு கொடுக்க ஆரம்பிக்கும். ஊசி மருந்தின் விலையோ அதே வருடங்களில் ஏறிக்கொண்டே போயிருக்கிறது. முன்பு கார்டு இல்லை, எப்படியோ மருந்து வாங்கினேன், பிறகு கார்டுக்குக் கட்டியதில் மருந்துக்குக் கையில் காசில்லை என்றார். எனக்கு இது சட்டென்று புரியவில்லை. இரண்டாவது தரம் கேட்டுத்தான் புரிந்துகொண்டேன்.

அதனால் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். பாதி ஊசி. இருபது யூனிட் போட வேண்டிய இடத்தில் பத்து. ஒரு மாத மருந்து இரண்டு மாதத்துக்கு வந்தது. மனைவி கேட்டபோது, டாக்டரே அளவைக் குறைத்துவிட்டார் என்று சொன்னாராம். அதைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் வாயிலிருந்து எடுத்த பொய் போலவே இருந்தது. இரண்டு குளிர்காலம் தாக்குப்பிடித்தார். மூன்றாவதில் பெருவிரலில் ஒரு புண். அது ஏறி ஏறி, கால் போயிற்று.

சட்டத்தை அவர் திட்டவில்லை. கால் எடுத்த செலவும் செயற்கைக் காலும் பெரும்பாலும் அந்தக் கார்டில்தான் நடந்தது, அது இல்லையென்றால் வீடே போயிருக்கும் என்றார். லோரி மட்டும் போயிற்று, ஓட்ட முடியாத லோரியை வைத்து என்ன செய்வது என்றார். இப்போது அவர் வயதுக்காரர்களுக்கு ஊசி மருந்தைக் குறைந்த விலைக்குக் கொடுக்கச் சட்டம் இருக்கிறதாம். முழு ஊசி போட்டுக்கொள்கிறார். மனைவிக்கு அந்த வயது வரவில்லை. அந்த அம்மாவின் கார்டை ஏற்றுக்கொள்ளும் மருத்துவமனை நான்கு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது, அங்கே போனாலும் முதலில் இவர்கள் போட வேண்டிய கைக்காசு, விமான டிக்கெட்டோடு சேர்த்து மலாக்காவில் முட்டி மாற்றுவதைவிட அதிகம். அதனால்தான் வந்தார்களாம். நானோ அவர்களைப் பணக்காரர்கள் என்று கூட்டாளிகளிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அவர் பெட்டிகளைக் காட்டிக் கேட்டார், இதை ஏன் போடவில்லை, விலை அதிகமா என்று. இல்லை என்றேன். கிடைக்கவில்லையா என்றார். கிடைத்தது என்றேன். அப்புறம்? பயம் என்றேன் கடைசியில். ஊசி போட்டால் காலை எடுத்துவிடுவார்கள் என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள் என்றேன். அதைச் சொல்லி முடித்த பிறகுதான், யாரிடம் என்ன சொல்கிறேன் என்பது எனக்கே உறைத்தது.

அவர் பெட்டிகளை ஒரு பக்கமாக வைத்தார். குனிந்து தன் காற்சட்டையைத் தூக்கி, செயற்கைக் காலைக் கழற்றி, சிமெண்டு இருக்கையில் எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தார். பிறகு என் ஷூவைக் காட்டி, கழற்று என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. நடுச் சாலையோரம் உட்கார்ந்து இது என்ன விளையாட்டு என்று நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கழற்றினேன்.

இடது கால் நன்றாக இருந்தது. வலது ஷூ சுலபத்தில் வரவில்லை. இழுத்தபோது காலுறையும் ஷூவோடு ஒட்டிக்கொண்டு வந்தது. ஒரு வாடை. ஷூவின் அடியில் ஒரு சின்னத் திருகாணி ஏறி, உள்பக்கம் அரை அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தது. என் உள்ளங்காலில் ஓட்டை விழுந்து, சுற்றிலும் வெளுத்து, நடுவில் கறுத்துப்போயிருந்தது. எத்தனை நாள் அதன்மேல் நடந்தேன், எத்தனை நாள் அந்தக் காலால் பெடலை மிதித்தேன் என்று எனக்குத் தெரியாது. ஒரு வலி இல்லை, ஒரு சுருக்கென்று குத்தியது இல்லை. நான்கு நாளைக்கு முன் துணி துவைக்கும்போது "காலுறையில என்னாங்க கறை?" என்று மனைவி கேட்டாள். ஷூ பாலிஷ் என்றேன். அது பொய் இல்லை, நானே அப்படித்தான் நம்பினேன்.

இந்தக் காலை நம்பித்தானே அடுப்பு எரிகிறது? வேறு எந்தத் தொழிலும் எனக்குத் தெரியாது. அவர் தன் காலை மாட்டிக்கொண்டு எழுந்தார். சாவியைக் கொடு என்று கையை நீட்டினார். ஒற்றைக் காலோடு, வேற்று நாட்டில், சாலையின் மறுபக்கத்தில் ஓட்டப் பழகாத மனிதர். சட்டப்படி சரியா தப்பா என்றுகூட யோசிக்க எனக்குத் தெம்பு இல்லை. சாவியைக் கொடுத்தேன். ஆட்டோ கியர் கார், அவருக்கு நல்ல வலது கால் இருந்தது. வளைவுக்கு வளைவு நான் இடது பக்கம், இடது பக்கம் என்று கத்திக்கொண்டே வந்தேன். பதினெட்டு வருடத்தில் என் காரில் நான் பயணியாக உட்கார்ந்தது அன்றுதான். வெறும் காலை டேஷ்போர்டுக்குக் கீழே நீட்டிக்கொண்டு, மடியில் அந்தப் பெட்டிகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எத்தனையோ மாத அசதி மொத்தமும் அப்போதுதான் என்மேல் இறங்கியது. அழுதேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அழுதேன்.

அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போனோம். பதிவு செய்யும் இடத்தில் ஒரு வெள்ளி கேட்டார்கள். அவர் அங்கிருந்த பெண்ணிடம், இது முன்பணமா என்று கேட்டார். இல்லை, இவ்வளவுதான் என்றாள் அவள். ரசீதை நான் கசக்கிச் சட்டைப் பையில் போடப் போனபோது, அதைத் தனக்குத் தர முடியுமா என்று கேட்டு வாங்கி, மடிப்பு நீவிப் பர்ஸில் வைத்துக்கொண்டார். பிறகு நான்கு மணி நேரம் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த மனைவியிடம் போனில் சொல்லிவிட்டார். காத்திருப்பு என்னவோ நான் புலம்பிய மாதிரியே நீளமாகத்தான் இருந்தது. அவர் ஒரு தரம்கூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

காயத்தைக் கழுவ வந்த மிஸ்ஸி, நர்ஸை இங்கே அப்படித்தான் சொல்வோம், நம் தமிழ்ப் பெண். பெட்டிகளின் சீட்டைப் பார்த்ததுமே பிடித்துக்கொண்டாள். "என்னா அங்கிள் இது, மூணு மாச மருந்து வாங்கியிருக்கீங்க, ஒரு ஊசிகூடப் போடலயா? இத எங்க வச்சிருந்தீங்க?"

காருக்குள் என்றேன்.

"காருக்குள்ளயா! இந்த வெயில்லயா! வெந்து போயிருக்கும் அங்கிள், இனிமே இது தண்ணிதான். ஒண்ணுத்துக்கும் ஆகாது." சொல்லிக்கொண்டே அத்தனையையும் அள்ளிக் கழிவுத் தொட்டியில் போட்டாள். குப்பிகள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் கேட்டது. அவள் பேசியது கூட இருந்த அமெரிக்கருக்குப் புரிந்திருக்காது. ஆனால் தொட்டிக்குள் என்ன விழுந்தது என்று தெரியும். அந்தப் பெரிய மனிதர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். யார் திட்டியதும் எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை.

பதினோரு நாள் வார்டில் கிடந்தேன். கறுத்த சதையை வெட்டி எடுத்தார்கள். இன்னும் ஒரு வாரம் கழித்து வந்திருந்தால் காலை எடுப்பதைப் பற்றிப் பேச வேண்டியிருந்திருக்கும் என்றார் டாக்டர். முதல் நாளே ஊசி ஆரம்பித்தாயிற்று. நான்காம் நாள் காலையில் எழுந்தபோது என்னவோ வித்தியாசமாக இருந்தது. கொஞ்ச நேரம் யோசித்த பிறகுதான் தெரிந்தது, அசதி இல்லை. உடம்பு அசதியில்லாமல் எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

மனைவி என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். பள்ளிக்கூடச் சிற்றுண்டிச் சாலையில் வேலை முடித்து, எண்ணெய் வாடையோடு நேராக வார்டுக்கு வருவாள். முதல் நாள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "என்கிட்ட சொல்லியிருந்தா நான் என்னாங்க செஞ்சிருக்கப் போறேன்? குளிர்பெட்டியில ஒரு இடம் ஒதுக்கியிருப்பேன், அவ்ளோதானே?"

ஊருக்குத் திரும்புவதற்கு முன் அவர்கள் இருவரும் என்னைப் பார்க்க வந்தார்கள். என் கூட்டாளிதான் அவர்களை ஓட்டிக்கொண்டு வந்தான், ஊசியால் மாமாவின் கால் போனது என்று சொன்ன அதே கூட்டாளி. அந்த அம்மா நடைச்சட்டத்தைப் பிடித்து, புது முட்டியில் மெல்ல நடந்து வந்தார். என் மனைவிக்கு ஆங்கிலம் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. நான் மருந்தை ஒளித்து வைத்ததையும், மிஸ்டர் பாதி ஊசி போட்டதையும் கையால் சைகை காட்டியே ஒருவருக்கொருவர் எப்படியோ சொல்லிக்கொண்டார்கள். பிறகு இரண்டு பேரும் திரும்பி எங்களை முறைத்தார்கள் பாருங்கள், அப்படியே ஒரே முறைப்பு. அந்த லோரிக்காரர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். மாட்டிக்கொண்ட திருடர்கள் மாதிரி இருவரும் தலையைக் குனிந்துகொண்டோம்.

இப்போதும் எப்போதாவது வாட்ஸ்அப்பில் செய்தி வரும். லோரி போய் வருமானம் குறைந்த பிறகு அந்த அம்மாவின் கார்டுக்குக் கிடைத்துவந்த அரசாங்க உதவி நின்றுபோனதாம், மாதக் கட்டணம் ஏறிவிட்டதாம், வைத்துக்கொள்வதா விடுவதா என்று இருவரும் யோசித்துக்கொண்டிருக்கிறார்களாம். அறுபத்தைந்து வயதில் அரசாங்கம் தரும் முதியோர் கார்டு அந்த அம்மாவுக்குக் கிடைக்க இன்னும் இரண்டு வருடம். அதுவரை உடம்பு சும்மா இருந்தால் போதும் என்று எழுதியிருந்தார். என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் ஒரு நாள் முழுக்க அதைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில், என் கால் நன்றாக இருக்கிறது மிஸ்டர் என்று மட்டும் எழுதினேன். அந்த ஒரு வெள்ளி ரசீது இன்னும் தன் பர்ஸில் இருக்கிறது, அதைக் காட்டினால் அங்கே யாரும் நம்புவதில்லை என்று பதில் வந்தது.

கிளினிக்கில் காத்திருப்பு இன்னும் அப்படியேதான். அரை நாள் போய்விடுகிறது, நானும் இன்னும் முணுமுணுக்கத்தான் செய்கிறேன். ஆனால் குளிர்பெட்டியில் முட்டைகளுக்குப் பக்கத்தில் என் மருந்துக்கு என்று மனைவி ஒரு டப்பா வைத்திருக்கிறாள். காலையில் கார் எடுப்பதற்கு முன் அந்தப் பேனாவின் அடிப்பாகத்தைத் திருப்பி அளவு வைப்பேன். ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு டிக் சத்தம் வரும். எனக்கும் இருபதுதான். பத்தாவது டிக்கில் என் விரல் தானாக ஒரு கணம் நின்றுவிடும், அவர் அங்கே நிறுத்திக்கொள்ள வேண்டியிருந்ததே என்று நினைப்பு வரும், பிறகு மிச்சம் பத்தையும் திருப்பி, ஒரு சொட்டுக்கூட வீணாக்காமல் போட்டுக்கொள்கிறேன்.